நீரிழிவுக் குழுப் பராமரிப்பு: அளந்த எண்ணை வைத்து யார் என்ன செய்வது?

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். நீரிழிவு பற்றிய செய்திகளில் முகாமும் பரிசோதனையும் பெறும் இடத்தை, அதற்குப் பின் நடப்பவை பெறுவதில்லை. ஒருவருக்கு வெறும் வயிற்றுச் சர்க்கரை 240 என்று களப்பணியாளர் வீட்டு வாசலில் அளந்து எழுதிக்கொண்டு போகிறார். மூன்று மாதம் கழித்து வந்து 250 என்று எழுதுகிறார். இரண்டு முறையும் அளவில் பிழையில்லை, பதிவிலும் பிழையில்லை. மாத்திரை மட்டும் அதே மாத்திரை. மருத்துவர், செவிலியர், களப்பணியாளர், மருந்தாளுநர், உணவியல் நிபுணர் என்று ஐந்து பதவிகளை ஒரு தாளில் எழுதிவிட்டால் குழு உருவாகிவிடாது. எந்த எண்ணைத் தாண்டினால், யார், எத்தனை நாளுக்குள், என்ன செய்ய வேண்டும் என்பது எழுத்தில் இருக்க வேண்டும். அதைச் செய்யும் அதிகாரம் அந்த ஆளின் கையிலும் இருக்க வேண்டும்.

இதில் முதலில் அவிழ்க்க வேண்டிய முடிச்சு செவிலியரின் அதிகாரம். மருந்தின் அளவைக் கூட்டவும் குறைக்கவும் ஒவ்வொரு முறையும் மருத்துவரைப் பார்த்தே தீரவேண்டும் என்றால் வரிசை நீளும். நீண்ட வரிசையில் நிற்க முடியாதவர்கள் வருவதையே விட்டுவிடுவார்கள். மருத்துவர் கையெழுத்திட்ட நெறிமுறை ஒன்று இருந்தால் பயிற்சி பெற்ற செவிலியரே இதைச் செய்யலாம். இரண்டாம் வகை நீரிழிவுக்கு வழக்கமாக முதலில் தரப்படும் மாத்திரையான மெட்ஃபார்மினை 500 மி.கி.யில், உணவோடு தொடங்கி, வாரம் ஒருமுறையோ இரண்டு வாரத்துக்கு ஒருமுறையோ படிப்படியாக ஏற்ற வேண்டும். எடுத்த எடுப்பிலேயே முழு அளவைக் கொடுத்தால் வயிற்றுப்போக்கும் குமட்டலும் வரும்; பலர் மாத்திரையைச் சொல்லாமல் நிறுத்துவது இதனால்தான். தொடங்குமுன் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறனைக் காட்டும் இஜிஎஃப்ஆர் அளவைப் பார்க்க வேண்டும். அது 30-க்குக் கீழ் என்றால் மெட்ஃபார்மின் கூடாது. 30-க்கும் 45-க்கும் இடையில் என்றால் புதிதாகத் தொடங்கக் கூடாது, ஏற்கெனவே எடுப்பவருக்குப் பாதியாகக் குறைப்பது வழக்கம்.

நீண்ட நேரம் வேலை செய்யும் இன்சுலினுக்கும் இதே மாதிரி எளிய விதி உண்டு. இரண்டாம் வகை நீரிழிவுள்ள பெரியவருக்கு நாளொன்றுக்கு 10 யூனிட், அல்லது உடல் எடையில் கிலோவுக்கு 0.1 முதல் 0.2 யூனிட் என்று தொடங்கலாம். வெறும் வயிற்று அளவு இலக்குக்கு வரும்வரை 3 நாளுக்கு ஒருமுறை 2 யூனிட் கூட்டலாம். காரணம் தெரியாமல் சர்க்கரை 70-க்குக் கீழ் இறங்கினால் அளவை 10 முதல் 20 சதவீதம் குறைக்க வேண்டும். கிலோவுக்கு 0.5 யூனிட்டைத் தாண்டியும் கட்டுப்படவில்லை என்றால் அதற்கு மேல் செவிலியர் ஏற்றக் கூடாது, மருத்துவர் பார்க்க வேண்டும். கர்ப்பிணிகள், குழந்தைகள், விடாமல் வாந்தி எடுப்பவர், கீட்டோன் (இன்சுலின் போதாதபோது உடலில் சேரும் அமிலப்பொருள்) உள்ளவர், திடீரென எடை குறைந்தவர் இந்த நெறிமுறைக்குள் வரமாட்டார்கள். இவர்கள் தாமதமின்றி மருத்துவரிடம் போக வேண்டும் என்பதையும் அதே தாளில், அதே அளவு பெரிய எழுத்தில் அச்சிட வேண்டும்.

அளவைக் கூட்டுவதற்கு முன் செய்ய வேண்டிய ஒரு வேலை மிக அதிகமாகத் தவறிப்போகிறது: ஊசி போடும் இடத்தைச் சட்டையை விலக்கித் தொட்டுப் பார்ப்பது. ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் போட்டால் தோலடிக் கொழுப்பு தடித்துக் கட்டியாகிவிடும். அங்கே போட்டால் வலிக்காது என்பதால் மனிதர்கள் அந்த இடத்தையே நாடுவார்கள். ஆனால் அங்கிருந்து இன்சுலின் ஒருநாள் போல் ஒருநாள் உறிஞ்சப்படாது. சர்க்கரை காரணமின்றி ஏறி இறங்கும். கட்டியைக் கவனிக்காமல் அளவை ஏற்றிக்கொண்டே போய், பிறகு நல்ல இடத்துக்கு மாறச் சொன்னால் அன்றே தாழ்சர்க்கரை வரலாம். ஆகவே இடம் மாற்றும்போது அளவைக் குறைத்துக் கொடுத்து, சில நாட்களுக்கு அடிக்கடி சோதிக்க வேண்டும். ஒவ்வொரு ஊசிக்கும் ஒரு விரல் அகலமாவது இடம் தள்ளிப் போட வேண்டும். பெரும்பாலோருக்கு 4 மி.மீ. ஊசி போதும். இன்சுலின் பேனாவின் பொத்தானை முழுவதும் அழுத்திய பின் பத்து வரை எண்ணி ஊசியை எடுக்க வேண்டும். உடனே உருவினால் மருந்து தோல்மீது சொட்டும். கலங்கலான இன்சுலினை உள்ளங்கைகளுக்கிடையே பத்து முறை உருட்டி, பத்து முறை தலைகீழாகச் சாய்த்துக் கலக்க வேண்டும்.

யு-40 (ஒரு மி.லி.யில் 40 யூனிட்), யு-100 (ஒரு மி.லி.யில் 100 யூனிட்) என இன்சுலினின் இரு செறிவுகளும் புழக்கத்தில் உள்ள இடங்களில் சிரிஞ்சைச் சரிபார்ப்பது மருந்தாளுநரின் பொறுப்பாக இருக்க வேண்டும். யு-100 இன்சுலினை யு-40 சிரிஞ்சில் 20 என்ற கோடு வரை எடுத்தால் உள்ளே போவது 50 யூனிட். எதிர்மாறாக, யு-40 மருந்தை யு-100 சிரிஞ்சில் 20 வரை எடுத்தால் கிடைப்பது வெறும் 8 யூனிட். இரண்டு தவறுமே வீட்டிலுள்ளவர் கண்ணுக்கு "20 போட்டேன்" என்றுதான் தெரியும்.

அடுத்தது பாதம். களப்பணியாளரால் முழுமையாகச் செய்யக்கூடிய வேலை இது, அதிகம் ஒதுக்கப்படுவதும் இதுவே. வேண்டியது, 10 கிராம் விசையில் வளையும் மோனோஃபிலமென்ட் என்ற மெல்லிய இழை ஒன்று. முதலில் கையில் தொட்டு அந்த உணர்வு எப்படி இருக்கும் என்று காட்ட வேண்டும். பிறகு அவர் கண்ணை மூடிக்கொள்ள, பெருவிரலின் அடிப்புறத்திலும், பெருவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் கீழே எலும்பு முட்டும் இரண்டு இடங்களிலும் இழையைச் செங்குத்தாக வைத்து, அது வளையும்வரை சுமார் இரண்டு வினாடி அழுத்த வேண்டும். இழுத்துத் தேய்க்கக் கூடாது. தேய்த்தால் மரத்துப்போன பாதம்கூட "தெரிகிறது" என்று சொல்லும். ஒவ்வோர் இடத்திலும் மூன்று முறை கேட்க வேண்டும், அதில் ஒருமுறை தொடாமலே கேட்க வேண்டும். மூன்றில் இரண்டு பதில் சரியாக இருந்தால் உணர்வு உண்டு. காய்ப்பின் மேலும் புண்ணின் மேலும் சோதிப்பதில் பயனில்லை. தொடர்ந்து பலரைச் சோதித்தால் இழை தளர்ந்துவிடும் என்பதால் ஒரு பணியாளரிடம் இரண்டு இழையாவது இருப்பது நல்லது.

உணர்வும் இரத்த ஓட்டமும் சரியாக இருந்தால் ஆண்டுக்கு ஒருமுறை பார்த்தால் போதும். இரண்டில் ஒன்று குறைந்திருந்தால் 6 முதல் 12 மாதம். இரண்டும் குறைந்திருந்தாலோ, ஒரு குறையோடு பாதத்தின் வடிவமும் மாறியிருந்தாலோ 3 முதல் 6 மாதம். அந்தக் குறைகளோடு முன்பு புண் வந்தவர், விரல் எடுக்கப்பட்டவர், சிறுநீரகம் செயலிழந்தவர் 1 முதல் 3 மாதத்துக்குள். புதிய புண் என்றால் ஒருநாள்கூடத் தள்ளக் கூடாது. குழுவில் எல்லோரும் மனப்பாடமாக அறிந்திருக்க வேண்டிய இன்னொரு நிலை உண்டு: காயமே இல்லாமல், பெரிதாக வலியும் இல்லாமல், ஒரு பாதம் மட்டும் சூடாகி வீங்குவது. சுளுக்கு என்று எண்ணெய் தேய்த்து நடக்கவிட்டால் எலும்புகள் நொறுங்கிப் பாதத்தின் வளைவே சரிந்துவிடும். சார்க்கோ பாதம் எனப்படும் இதில் தொடக்கத்தில் எக்ஸ்ரேகூட இயல்பாகத் தெரியலாம். எக்ஸ்ரே சரியாக இருக்கிறது என்று திருப்பி அனுப்பாமல், அந்தக் காலில் எடை விழாதபடி தடுத்து, நிபுணரிடம் அனுப்ப வேண்டும்.

கண்ணும் சிறுநீரகமும் சற்று வேறு. இங்கே களத்தில் மாதிரி எடுக்கலாம், படம் எடுக்கலாம். முடிவு வேறோர் இடத்திலிருந்து வரும். அந்த இடைவெளியில்தான் ஆட்கள் தொலைகிறார்கள். விழித்திரைப் படம் தெளிவாக இல்லாவிட்டால் (கண்புரையோ சிறிய கண்மணியோ காரணமாக இருக்கலாம்) அந்தப் படத்தை "குறையில்லை" என்ற கணக்கில் சேர்க்கக் கூடாது. படிக்க முடியாத படம் என்றால் கண் மருத்துவரிடம் நேரில் அனுப்ப வேண்டும். சிறுநீரில் புரதக் கசிவைக் காட்டும் அல்புமின்–கிரியாட்டினின் விகிதம் 30-ஐத் தாண்டினால் உடனே முத்திரை குத்த வேண்டாம். காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, மாதவிடாய், கடும் உடற்பயிற்சி எல்லாம் அதை ஏற்றும். 3 முதல் 6 மாதத்துக்குள் எடுத்த மூன்று மாதிரிகளில் இரண்டு உயர்ந்திருந்தால்தான் அது நோய். அனுப்பியவர் போய்ச் சேர்ந்தாரா என்று இரண்டு வாரத்தில் ஒருவர் தொலைபேசியில் கேட்க வேண்டும். அந்த ஒருவர் யார் என்பதற்குப் பெயர் இருக்க வேண்டும். "குழு கேட்கும்" என்றால் யாரும் கேட்கமாட்டார்கள்.

எச்பிஏ1சி பற்றி ஓர் எச்சரிக்கை. இரத்தச் சர்க்கரையின் இரண்டு மூன்று மாதச் சராசரியைக் காட்டும் நல்ல சோதனைதான். ஆனால் இரும்புச்சத்துக் குறைவால் இரத்தசோகை உள்ளவருக்கு அது உண்மையைவிட உயர்ந்து காட்டலாம். சமீபத்தில் இரத்தம் ஏற்றியவருக்கும் சிவப்பணுக்கள் சீக்கிரம் அழிபவருக்கும் குறைத்துக் காட்டலாம். விரல் நுனி அளவும் இதுவும் ஒத்துப்போகவில்லை என்றால், அவர் பொய் சொல்கிறார் என்று எண்ணுமுன் ஹீமோகுளோபினைப் பார்ப்பது நியாயம்.

கட்டுப்பாட்டு இலக்கையும் எல்லோருக்கும் எச்பிஏ1சி 7 சதவீதம் என்று ஒட்டுமொத்தமாக வைப்பது ஆபத்து. 80 வயதில் தனியாக வாழ்பவருக்கு 7 வேண்டும் என்று மருந்தை ஏற்றினால், கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரையால் விடியற்காலையில் சர்க்கரை இறங்கி விழுந்து இடுப்பெலும்பு முறியும். அவருக்கு 8 போதும் என்பதை நெறிமுறையே அனுமதிக்க வேண்டும். தாழ்சர்க்கரை வந்தால் 15 கிராம் குளுக்கோஸ், 15 நிமிடம் கழித்து மறுசோதனை. ஏறவில்லை என்றால் மீண்டும் 15 கிராம். மாவும் சர்க்கரையும் செரிப்பதைத் தாமதப்படுத்தும் அகார்போஸ் மாத்திரை எடுப்பவருக்குச் சாதாரணச் சர்க்கரை மெதுவாகத்தான் வேலை செய்யும், குளுக்கோஸ்தான் கொடுக்க வேண்டும். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. வீட்டிலுள்ளவர்களுக்கு இதைச் செய்து காட்டிச் சொல்ல வேண்டும். துண்டறிக்கை மட்டும் போதாது. முதல் வகை நீரிழிவுள்ளவர் காய்ச்சலில் சாப்பிடாவிட்டாலும் இன்சுலினை அடியோடு நிறுத்தக் கூடாது என்பதையும் அப்போதே சொல்லிவிடலாம்.

பதிவேட்டுக்கு வருவோம். 500 பேருக்கு ஆண்டுக்கு 4 சந்திப்பு என்றால் 2,000 சந்திப்பு. 250 வேலைநாளில் நாளுக்கு 8 பேர். ஒருவருக்கு 20 நிமிடம் என்றாலும் மூன்று மணி நேரத்துக்குள் முடியும். ஒரு செவிலியரால் ஆகக்கூடிய வேலைதான். ஆனால் அவர் தலையில் தடுப்பூசி, பிரசவம், கணக்கெடுப்பு எல்லாவற்றையும் ஏற்றினால் முதலில் உதிர்வது இந்த மூன்று மணி நேரம்தான். களப்பணியாளருக்கும் இதே கதி.

பதிவேட்டில் செய்யப்படும் ஒரு கணக்கு மாயத்தையும் சொல்ல வேண்டும். பதிவானவர் 500, வந்தவர் 300, வந்தவரில் கட்டுப்பாட்டில் இருப்பவர் 180 என்று வைத்துக்கொள்வோம். அறிக்கையில் 60 சதவீதம் என்று வரும். 500-ஆல் வகுத்தால் அது 36 சதவீதம். வராத 200 பேர் பெரும்பாலும் நிலைமை மோசமானவர்களாகவே இருப்பார்கள். எனவே மாதக் கூட்டத்தில் முதலில் வாசிக்க வேண்டியது வராதோர் பட்டியல். இரத்த அழுத்தத்துக்கும் இதே வகுத்தல் பொருந்தும்.

குழுவாகச் செய்வதால் பலன் உண்டா என்று கேட்பவர்களுக்கு 2003-இல் வெளியான டென்மார்க்கின் ஸ்டெனோ-2 ஆய்வு இருக்கிறது. இரண்டாம் வகை நீரிழிவோடு சிறுநீரில் அல்புமின் கசிந்த 160 பேர். ஒரு பாதியினருக்கு வழக்கமான சிகிச்சை; மறு பாதியினருக்கு மருத்துவர், செவிலியர், உணவியல் நிபுணர் கொண்ட குழு சர்க்கரை, இரத்த அழுத்தம், கொழுப்பு, புகை, உடற்பயிற்சி எல்லாவற்றையும் ஒருசேரக் கவனித்தது. ஏறத்தாழ 8 ஆண்டுகளில் இதய, இரத்தநாள நோய்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. அங்கே அது ஒரு சிறப்பு மையம். வீதியில் அதே பலன் அப்படியே கிடைக்கும் என்று சொல்லமாட்டோம். ஆனால் சர்க்கரையை மட்டும் துரத்தாமல் அழுத்தத்தையும் கொழுப்பையும் சேர்த்துப் பிடித்தது எங்கும் செய்யக்கூடியது. உலக சுகாதார நிறுவனம் 2022-இல் வகுத்த, 2030-க்குள் எட்ட வேண்டிய இலக்குகளிலும் இது தெரிகிறது: நோயுள்ளவரில் 80 சதவீதம் பேருக்கு நோய் கண்டறியப்பட வேண்டும், கண்டறியப்பட்டவரில் 80 சதவீதத்தினருக்குச் சர்க்கரையும் 80 சதவீதத்தினருக்கு இரத்த அழுத்தமும் கட்டுப்பட வேண்டும், 40 வயதைத் தாண்டிய நீரிழிவுள்ளவரில் 60 சதவீதத்தினருக்குக் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மருந்து கிடைக்க வேண்டும், முதல் வகையினர் அனைவருக்கும் கட்டுப்படியாகும் விலையில் இன்சுலினும் சுயபரிசோதனைக் கருவியும் கிடைக்க வேண்டும்.

தங்கள் நாளிதழுக்கு ஒரு வேண்டுகோள். பரிசோதனை முகாம் பற்றிய செய்தி வெளியிடும்போது எத்தனை பேர் சோதிக்கப்பட்டார்கள் என்பதோடு இன்னும் இரண்டு எண்களைக் கேட்டு வாங்குங்கள்: சர்க்கரை உயர்ந்திருந்தவர்களில் எத்தனை பேர் ஒரு மாதத்துக்குள் சிகிச்சை தொடங்கினார்கள், ஆறு மாதம் கழித்து எத்தனை பேர் இன்னும் மருந்து எடுக்கிறார்கள். அதே நாளில் பதில் கிடைக்காது. ஆறு மாதம் கழித்து அதே இடத்துக்கு நிருபரை மறுபடி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
நீரிழிவுப் பராமரிப்புப் பணியிலுள்ள வாசகர்கள்