குன்னூர் பள்ளிக் கணினி அறை: மழைக்கு முன் ஒரு வேலை

நண்பர்களே, வணக்கம். வடகிழக்குப் பருவமழை வரப்போகிறது, நாம் வாங்கிக் கொடுத்த கணினிகள் இருக்கும் அறையில் ஹீட்டர் கிடையாது, வடக்குச் சுவரில் இப்போதே கறுப்பாகப் பூஞ்சை, சிபியுக்களின் பின்பக்கத் திருகுகளில் துரு. இனியும் தள்ளிப்போட முடியாது.

அக்டோபர் 11, சனிக்கிழமை காலை 10 மணிக்கு அங்கே கூடுவோம்.

1. பிளாஸ்டிக் உறைகளைக் கழற்றிவிட வேண்டும், ஈரத்தை உள்ளேயே பிடித்து வைக்கின்றன. பழைய பருத்தித் துணி போதும், கொண்டு வாருங்கள்.

2. மேசைகளைச் சுவரை விட்டு ஓரடி தள்ளி, தரையில் இருக்கும் சிபியுக்களை மேலே ஏற்றுவோம்.

3. ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் வாங்குபவர்கள் ஆரஞ்சு மணிகளையே வாங்குங்கள். நீல மணிகளில் கோபால்ட் என்ற நச்சுப்பொருள் உண்டு, பிள்ளைகள் கை படும் இடம்.

4. கரி அடுப்பும் கேஸ் ஹீட்டரும் வேண்டவே வேண்டாம். கேஸ் எரியும்போது நீராவியும் சேர்ந்தே வரும், மூடிய அறையில் கார்பன் மோனாக்சைடு உயிருக்கே ஆபத்து.

அப்புறம், டீஹியுமிடிஃபையர் (காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் கருவி) வாங்கலாம் என்று சிலர் சொன்னீர்கள். கம்ப்ரெஸர் வகை குளிரில் சரியாக வேலை செய்யாது, அவசரப்பட வேண்டாம். முதலில் ஒரு ஈரப்பத மானி வைத்துப் பார்ப்போம், 60 சதவீதத்துக்குக் கீழே நின்றால் நல்லது. தினமும் எல்லாக் கணினிகளையும் கொஞ்ச நேரமாவது ஓடவிட ஆசிரியர்களிடம் கேட்போம், அந்தச் சூடே உள்ளிருக்கும் ஈரத்தைப் போக்கும். பனிமூட்டம் இருக்கும்போது ஜன்னலைத் திறக்காமல், வெயில் வந்த பிறகு திறக்கச் சொல்ல வேண்டும்.

யார் யார் வருகிறீர்கள், என்ன கொண்டு வருகிறீர்கள் என்று புதன்கிழமைக்குள் இங்கேயே பதில் போடுங்கள்.