மருந்து விலை ஏறியது ஏன்? வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

"பழைய சரக்கைப் பதுக்கி வைத்துப் புது விலைக்கு விற்கிறார்கள்" என்று நம் மருந்துக்கடையைப் பற்றி ஒரு பேச்சு சுற்றி வருகிறது. விலை அதிகம் என்று யார் சொன்னாலும் கேட்டுக்கொள்வோம். பதுக்கல் என்ற சொல்லைத்தான் தாங்க முடியவில்லை. இன்சுலினை 2 முதல் 8 டிகிரி குளிரில் வைக்க வேண்டும். கடையில் இருப்பது ஒரே ஃபிரிட்ஜ், அதில் இரண்டு தட்டு. இதில் எதைப் பதுக்குவது? மாத்திரையை அடுக்கி வைத்தாலும் காலாவதித் தேதி நமக்காகக் காத்திருக்காது. நாங்கள் வாங்கிய பில், விற்ற பில் இரண்டிலும் பேட்ச் எண், அதாவது எந்தத் தயாரிப்புத் தொகுதியின் சரக்கு என்று காட்டும் எண், இருக்கிறது. யார் கேட்டாலும் எடுத்துக் காட்டுகிறோம்.

சரி, விலை ஏன் ஏறியது? அமெரிக்க மத்திய வங்கி 2022 மார்ச்சில் வட்டியை ஏற்றத் தொடங்கியது. பூஜ்யத்தை ஒட்டியிருந்த வட்டி 2023 ஜூலையில் 5.25–5.50 சதவீதத்துக்குப் போனது. முதலீடு டாலர் பக்கம் ஓட, வளரும் நாடுகள் பலவற்றின் நாணயம் இறங்கியது. மருந்தையும் மூலப்பொருளையும் டாலர் கொடுத்துத்தான் வரவழைக்கிறார்கள்; நாணயம் இறங்கினால் அதே மருந்துக்குக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டும். இலங்கையில் அந்நியச் செலாவணியே தீர்ந்துபோன 2022இல், 200 ரூபாயாக இருந்த டாலர் சில மாதங்களில் 350ஐத் தாண்டியது. ஆஸ்பத்திரிகளிலேயே மருந்துத் தட்டுப்பாடு.

நாணயத்தைத் தாங்கிப் பிடிக்க இந்த நாடுகளின் மத்திய வங்கிகள் உள்நாட்டு வட்டியையும் ஏற்றின. ஏற்றாவிட்டால் மருந்து இன்னும் எட்டாமல் போயிருக்கும், ஒப்புக்கொள்கிறோம். ஆனால் அதே வட்டி கடையின் ஓவர்டிராஃப்டிலும், அதாவது கணக்கில் இருப்பதற்கு மேல் வங்கியில் எடுக்கும் கடனிலும், ஏறியது. ஒரு மாதத் தவணை தந்த மொத்த வியாபாரி இப்போது ஒரு வாரத்தில் பணம் கேட்கிறார். காப்பீடு இல்லாத வீட்டில் ஆபரேஷனுக்கு வாங்கிய கடனுக்கும் வட்டி கூடியது.

மாதம் முழுவதற்கும் பிரஷர் மாத்திரை வாங்கியவர்கள் "ஒரு அட்டை போதும்" என்கிறார்கள். நாள் விட்டு நாள் போடுகிறார்களோ என்று பயமாக இருக்கிறது. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். அதே மருந்து வேறு கம்பெனியில் குறைந்த விலைக்குக் கிடைக்குமா என்று டாக்டரிடம் கேளுங்கள், நாங்கள் வரவழைத்துத் தருகிறோம்.

மொத்த வியாபாரிக்கு ஒரு வாரத்தில் பணம் கட்ட வேண்டியிருப்பதால், அடுத்த மாதம் முதல் கணக்கு நோட்டில் எழுதிக் கடன் தருவதை நிறுத்துகிறோம்.

இத்தனை பேச்சுக்கு நடுவிலும் வேறு கடை தேடாமல் நம்மிடமே வருகிறவர்களுக்கு மனமார்ந்த நன்றி. உங்களில் பலருடைய மருந்துச் சீட்டு எங்களுக்கு மனப்பாடம்.

அன்புடன்,
கடை உரிமையாளர்