முறை மாறும் நாளில் பாலத்திலிருந்து குதிக்கும் பையன்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கல்லணைக் கால்வாயில், தஞ்சாவூர்ப் பக்கம் புது ஆறு என்று சொல்வோம், பாலத்துக் கைப்பிடிச் சுவரில் ஏறி நின்று தண்ணீரில் பாயும் பையன்களைப் பற்றி எழுதுகிறேன். நான் பாசனப் பிரிவில் லஸ்கராக இருந்து ஓய்வு பெற்றவன். சட்ரஸ், அதாவது கால்வாயில் தண்ணீரை அடைத்துத் திறக்கும் மதகு, அதன் பலகையை ஏற்றுவது, இறக்குவது, கேஜில் நீர்மட்டம் பார்த்து எழுதுவது, இதுதான் என் வேலையாக இருந்தது.

இந்தப் பையன்கள் ஆழம் பார்க்காமல் குதிப்பவர்கள் இல்லை. முதலில் ஒருவன் கால் பக்கமாக இறங்கி, அடியைத் தொட்டுவிட்டு மேலே வந்து 'இருக்குடா' என்பான். அப்புறம்தான் மற்றவர்கள் டைவ் அடிப்பார்கள், பல்டி அடிப்பார்கள், இப்போது ஒருவன் கரையில் நின்று செல்போனில் படமும் எடுப்பான். கெட்டுப்போவது எங்கே என்றால், திங்கள்கிழமை பார்த்த ஆழத்தை நம்பிப் புதன்கிழமை குதிக்கும்போதுதான்.

வழக்கப்படி ஜூன் 12-ஆம் தேதி மேட்டூரைத் திறந்தால் ஜனவரி 28 வரை தண்ணீர் ஓடும். அத்தனை மாதமும் ஒரே மட்டத்தில் ஓடாது. தண்ணீர் தட்டுப்பாடான நேரத்தில் முறை வைத்து, அதாவது சில நாள் விட்டுச் சில நாள் நிறுத்தி, விடுவார்கள். மழை பெய்தால் திடீரென்று குறைப்பார்கள். ராத்திரியில் மேலே பலகையை இறக்கினால் விடிவதற்குள் இங்கே தண்ணீர் இடுப்பளவுக்குக் குறைந்துவிடும். கலங்கல் தண்ணீர், அடி தெரியாது. மேலிருந்து பார்க்கிறவனுக்கு நேற்று ஓடிய ஆறு மாதிரியேதான் இருக்கும்.

நான் வேலையில் இருந்தபோது பிளஸ் ஒன் படித்த ஒரு பையன் இப்படித்தான் முறை மாறிய மறுநாள் காலையில் தலைகீழாகப் பாய்ந்தான். கழுத்தெலும்பு முறிந்தது. கூட வந்தவர்கள் பயத்தில் இரண்டு கைகளையும் பிடித்து இழுத்துக் கரையில் போட்டு, உட்காரவைக்கப் பார்த்தார்கள். கழுத்தில் அடிபட்டவனை அப்படித் தூக்கவே கூடாது என்று யாரும் அவர்களுக்குச் சொல்லித் தந்ததில்லை. 'நேத்துகூட இங்கதானே குதிச்சோம்' என்று ஒருவன் என்னிடம் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே இருந்தான். அடிபட்டவன் உயிர் பிழைத்தான். ஆனால் அதன்பிறகு அவன் எழுந்து நடக்கவில்லை.

அதைவிட மோசமான இடம் சட்ரஸுக்குக் கீழே. பலகைக்கு அடியில் பீறிட்டு வரும் தண்ணீர் நுரைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தால் சிறுவர்களுக்கு ஆசையாகத்தான் இருக்கும். தண்ணீர் விழுந்து விழுந்து அங்கே குழி பறித்திருக்கும். மேலே வருகிற ஆளை, திரும்பிச் சுழலும் நீர் மறுபடியும் பலகைப் பக்கமே இழுக்கும். நுரைத் தண்ணீர் ஆளைத் தாங்காது. எப்பேர்ப்பட்ட நீச்சல்காரனுக்கும் அங்கே கை ஓய்ந்துவிடும்.

இன்னொன்று, கால்வாயில் கான்கிரீட் போட்டது. கடைமடைக்குத் தண்ணீர் சீக்கிரம் போக வேண்டும், அதில் எனக்கு மாறுபட்ட கருத்து இல்லை. ஆனால் சரிவான கான்கிரீட் கரையில் பாசி பிடித்துவிட்டால் காலே ஊன்றாது. முன்பு மண்கரையில் நாணலையோ வேரையோ பிடித்து ஏறிவிடுவான். இப்போது பிடிக்க ஒன்றும் இல்லாமல் அடுத்த பாலம் வரை அடித்துக்கொண்டு போகிறான். படித்துறையில் துணி துவைக்கும் பெண்களும் குறைந்துவிட்டார்கள். 'டேய், யார் வீட்டுப் பிள்ளைடா நீ?' என்று அவர்கள் போட்ட ஒரு அதட்டலுக்கு இருந்த மரியாதை, நாங்கள் வைத்த 'இங்கே குளிக்கக் கூடாது' பலகைக்கு ஒருநாளும் இருந்ததில்லை.

அதனால் இன்னொரு பலகை வேண்டாம். பையன்கள் குதிக்கிற பாலங்கள் எவை என்று அந்தந்த ஊருக்கே தெரியும். அங்கே பாலத்துத் தூணில், மேலிருந்து பார்த்தாலே தெரிகிற மாதிரி பட்டையாக அடி அளவு எழுதி, ஆபத்தான மட்டம் வரை சிவப்பு அடிக்கலாம். எந்தப் பையனும் அதைப் படித்துக்கொள்வான். முறை மாறும்போது விவசாயச் சங்கத்துக்குச் சொல்கிற தகவலை ஊராட்சி ஒலிபெருக்கியிலும் பள்ளிக்கூடப் பிரார்த்தனைக் கூட்டத்திலும் சொன்னால் செலவே கிடையாது. சட்ரஸுக்குக் கீழே இரண்டு கரையிலும் கம்பிவேலி வேண்டும். கான்கிரீட் கரையில் ஊருக்கு ஊர் படிக்கட்டும் பிடித்து ஏறச் சங்கிலியும் வேண்டும். கழுத்தில் அடிபட்டவனைத் தண்ணீரிலிருந்து எப்படி எடுப்பது, 108 வரும் வரை தலையை அசையாமல் எப்படிப் பிடித்திருப்பது என்பதைத் தீயணைப்புத் துறையினர் ஒவ்வொரு கரையோரப் பள்ளியிலும் செய்து காட்ட வேண்டும்.

மே மாதம் கால்வாய் காய்ந்துதான் கிடக்கும். வர்ணம் அடிக்கவும் சங்கிலி பதிக்கவும் அதுதான் சமயம். நீர்வளத் துறையும் மாவட்ட நிர்வாகமும் தூர்வாரும் வேலையோடு இதையும் சேர்த்து, ஜூன் தண்ணீர் வருவதற்குள் முடித்துத் தர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பாசன ஊழியர்,
ஒரத்தநாடு வட்டம், தஞ்சாவூர் மாவட்டம்.