முதலில் நீ சாப்பிடு

அன்புள்ள மகளுக்கு,

அப்பா நலம். சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. கத்திரி வெயில் கொளுத்துகிறது, பத்து மணிக்கு மேல் சத்துவாச்சாரியில் தெருவில் தலைகாட்ட முடியவில்லை. வைகாசி முதல் தேதி குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு இந்த வருஷம் நான் போகவில்லை. பெரியம்மா வருத்தப்பட்டாள். எனக்கு மனசு அதில் இல்லை.

போனில் கேட்டால் ‘எல்லாம் நல்லா இருக்கும்மா’ என்று முடித்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் சின்னவனைப் பார்த்தேன். ஒரு நிமிஷம் நிற்கிறானா? அரிசி டப்பாவைக் கவிழ்த்து, அதன்மேலேயே உட்கார்ந்து, இரண்டு கையாலும் வாரி இறைத்தான். நீ கூட்டி அள்ளுவதற்குள் சோபா மேல் ஏறி ஜன்னல் கைப்பிடியைப் பிடித்துத் தொங்கினான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நீ சிரிக்கவில்லை. அவனை இறக்கிவிட்டு, துடைப்பமும் கையுமாகச் சுவரைப் பார்த்தபடி நின்றாய். அப்புறம் போன் கீழே விழுந்தது. நீ திரும்பக் கூப்பிடவில்லை.

ரெண்டு வயதுப் பிள்ளை ஓடத்தான் செய்யும். ஓடாமல் மூலையில் உட்கார்ந்தால்தான் நாம் பயப்பட வேண்டும். கீழ்வீட்டு அம்மா பகலில் வந்து முறையிட்டால் பணிவாக ஒரு வார்த்தை சொல், போதும். எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருக்காதே. ஆனால் அந்த ஜன்னலை மட்டும் உடனே பார். சாவி போட்டுப் பூட்டுகிற கைப்பிடி அங்கே ஜெர்மனியில் கடையில் கிடைக்கும். சோபாவை அங்கிருந்து நகர்த்து. ரிமோட்டில், விளையாட்டுச் சாமானில் பட்டன் பேட்டரி இருந்தால் மூடியை டேப் போட்டு ஒட்டு. அது தொண்டையில் சிக்கினால் இரண்டு மணி நேரத்திலேயே உணவுக்குழாயை அரித்துவிடும். ஆஸ்பத்திரி வார்டில் வேலை பார்த்தவள் சொல்கிறேன், இதில் மட்டும் அலட்சியம் கூடாது. திராட்சையை நீளவாக்கில் நறுக்கிக் கொடு, முழுசாகக் கொடுக்காதே.

சாப்பிட மாட்டேன் என்கிறான் என்று பால் பாலாக ஊற்றுகிறாய். அரை லிட்டருக்கு மேல் வேண்டாம். பால் வயிறு நிறைந்தால் சோறு இறங்காது, ரத்தம் குறையும். நான் அனுப்பிய கேழ்வரகு மாவைப் பிரித்தாயா? அதில் கூழ் காய்ச்சி முதலில் நீ குடி. நீ குடிப்பதைப் பார்த்தால் அவனும் கேட்பான். கேட்காவிட்டாலும் பரவாயில்லை, நீ குடித்தது மிச்சம்.

டிவி போட்டுக் காட்டுவதாகச் சொல்லி அழுதாயே. ரெண்டு வயதுக்கு மேல் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம் என்று 2019-ல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது, குறைத்தால் நல்லது என்று. சரி, அரை மணி நேரம் போடு. அந்த அரை மணியில் பாத்திரம் தேய்க்காதே. பக்கத்திலேயே காலை நீட்டி உட்கார்.

குழந்தைகள் காப்பகத்தில் இன்னும் இடம் வரவில்லையாமே. ஒரு வயது முடிந்த பிள்ளைக்கு இடம் கேட்கும் உரிமை 2013-லிருந்தே ஜெர்மனியில் சட்டத்தில் இருக்கிறது என்று மாப்பிள்ளை சொன்னார். சட்டம் இருந்து என்ன, இடம் இல்லையே. கிடைத்தாலும் முதல் சில வாரம் தாயோ தகப்பனோ கூடவே உட்கார்ந்து பழக்க வேண்டுமாம். அந்த வாரங்களுக்கு மாப்பிள்ளை லீவு போடட்டும். நான் சொன்னேன் என்றே சொல்.

டாக்டரிடம் ஜெர்மன் மொழியில் நீயே பேசித் தடுப்பூசி போட்டு வந்தாயாம். கேட்டதிலிருந்து அப்பா காந்தி நகர் வாக்கிங் கூட்டாளிகளிடம் அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறார். எனக்கும் பெருமைதான். ஆனால் அதை மாப்பிள்ளை சொல்லியா எனக்குத் தெரிய வேண்டும்? முன்பெல்லாம் கடையில் கொத்தமல்லி கிடைத்தால்கூடப் படம் எடுத்து அனுப்புவாயே.

நான் எழுந்து போனைப் பார்க்கும்போது, நீ ஐந்தரைக்கு வாட்ஸ்அப்பில் இருந்ததாகக் காட்டுகிறது. அங்கே அது ராத்திரி இரண்டு மணி. அவன் தூங்குகிற நேரத்தில் நீ ஏன் கண்ணு தூங்கவில்லை?

வார்டில் முன்பின் தெரியாத பெண்களிடமெல்லாம் நேராகக் கேட்டிருக்கிறேன்: தூக்கம் வருகிறதா, காரணமில்லாமல் அழுகை வருகிறதா, பிள்ளையைத் தூக்கப் பிடிக்காமல் போகிறதா என்று. கூச்சப்பட்டதே இல்லை. உன்னிடம் கேட்க வாய் வரவில்லை. காட்பாடி அத்தை வீட்டில் அந்த வருஷம் நடந்தது உனக்கும் தெரியும். எல்லோரும் ‘பிள்ளை பெற்ற களைப்பு’ என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். பிள்ளைக்கு ரெண்டு வயது ஆன பிறகும் அதையே சொன்னார்கள். இது மருந்தும் பேச்சும் இருக்கிற விஷயம். சின்னவனைக் காட்டப் போகும் டாக்டரிடம் உன்னைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல். இல்லை, உனக்கென்று ஒரு டாக்டரைப் பார். மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போ.

இங்கே நீ நடை பழகும்போது நான் டியூட்டிக்குப் போய்விடுவேன். ஆயா இருந்தாள், எதிர்வீட்டு அக்கா இருந்தாள். உன்னைக் கோட்டைப் பார்க்கில் ஓடவிட்டுக் களைக்க வைத்துத் தூக்கி வருவது சித்தப்பா வேலை. ஒரு பிள்ளைக்கு அத்தனை பேர். அங்கே அத்தனை பேர் வேலையையும் நீ ஒருத்தி செய்துவிட்டு, நேரமே போதவில்லை என்று உன்னையே திட்டிக்கொள்கிறாய். அது எனக்குப் பொறுக்கவில்லை.

என் பாஸ்போர்ட் புதுப்பித்து வந்துவிட்டது. விசா கிடைத்தால் தொண்ணூறு நாள் வரை இருக்கலாம். அப்பாவுக்குப் பெரியம்மா சமைத்துப் போடுவதாகச் சொல்லிவிட்டாள், மாத்திரையை வேளைக்குப் பிரித்து வைத்துவிட்டு வருவேன். குளிர் பற்றிப் பேசாதே, இப்போது அங்கே வெயில் காலம்தான். ராத்திரி அவனை என் பக்கத்தில் படுக்க வைத்துக்கொள்கிறேன், நீ கதவைச் சாத்திக்கொண்டு தூங்கு.

மாப்பிள்ளை அங்கே வெளிநாட்டவர் அலுவலகத்தில், என் செலவை ஏற்றுக்கொள்வதாக ஓர் உறுதிமொழிப் பத்திரம் வாங்கி அனுப்ப வேண்டுமாம். அதற்கு நாள் குறிக்கச் சொல். கூடவே ஓர் அழைப்புக் கடிதம். அதில் காரணம் என்ன போடுவது என்று யோசிக்காதே, பேரனைப் பார்க்க என்று எழுது.

சாப்பிட்டுவிட்டுக் கூப்பிடு.

அம்மா