ஈர நெல்லும் அடைவு நகையும்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

ஒவ்வொரு மாசியிலும் எங்கள் ஊர் வீடுகளில் ஒரே சண்டைதான். அடைவில் (அடகில்) கிடக்கிற தாலிக்கொடி எப்போது வரும் என்று மனைவி கேட்பார். நெல் விற்ற காசு எங்கே போனது என்று கணவருக்கே தெரியாது. எங்கள் வீட்டிலும் இதே கதை. இதற்காக உத்தியோகத்தர்கள் சேமிப்பு வகுப்பு வைத்தார்கள், குடும்ப ஆலோசனைக்குக் கூப்பிட்டார்கள். என் மாமியார் ஏழரைச் சனி என்று எள்ளெண்ணெய் எரித்தார். ஊர் முழுவதையும் ஒரே மாதத்திலா சனி பிடிப்பார்?

வில்லங்கம் நெல்லின் ஈரத்தில் இருக்கிறது. முன்பு கையால் அரிவி வெட்டி, கதிரைக் குவித்துச் சூடு (போர்) வைப்போம். கதிர் அந்தச் சூட்டிலேயே காயும், தோதான நேரத்தில் அடித்து விற்கலாம். இப்போது வெட்ட ஆளில்லை. அறுவடை மெசின் வந்து, வெட்டின அன்றைக்கே ஈர நெல்லைக் கையில் தந்துவிட்டுப் போகிறது. அதை அப்படியே மூடை கட்டி வைத்தால் அவிந்து நிறம் மாறிவிடும். அரசின் நெல் சந்தைப்படுத்தல் சபையோ ஈரப்பதம் 14 சதவீதத்துக்குள் இருந்தால்தான் எடுக்கும். 2025 பெப்ரவரியில் அரசு கிலோவுக்கு அறிவித்த 120 ரூபாயும் (நாட்டு நெல்), 125 ரூபாயும் (சம்பா) காய்ந்த நெல்லுக்குத்தான். காயவிட இடம்? பரந்தன் - முல்லைத்தீவு வீதிக்கரையில் படங்கு (தார்ப்பாய்) விரிக்கிறோம். ஒரு பக்கம் லொறி, ஒரு பக்கம் மாடு, இடையில் மழை. சரி, போகட்டும் என்று வயலுக்கு வருகிற வியாபாரி சொல்லும் விலைக்கு, அவர் எடையில் வெட்டுகிற கழிவோடு கொடுத்துவிடுகிறோம். அந்தக் காசு மெசின் கூலிக்கும் உரக்கடைக் கடனுக்கும் சரி. நகைக்கு வட்டி ஏறும். புரட்டாதியில் விதைப்புக்கென்று மிஞ்சின காப்பும் அடைவுக்குப் போகும்.

குடியால் அழிகிற வீடுகள் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கின்றன. ஆனால் சொட்டும் குடிக்காத வீட்டிலும் நகை மீளவில்லையே, அதற்கு யார் ஆலோசனை சொல்வது?

ஒவ்வொரு கமக்கார (விவசாயிகள்) அமைப்புக்கும் ஒரு சீமெந்துத் தளமும் நெல் அடுக்க ஒரு கொட்டகையும் வேண்டும். விளைச்சலில் பாதியையாவது காயவிட்டு, விலை ஏறும்வரை வைத்திருக்க முடிந்தால் போதும். அடைவுத் தவணையும் அறுவடையோடு முடியாமல் கொஞ்சம் தள்ளி இருக்க வேண்டும். அடுத்த சேமிப்பு வகுப்பை உத்தியோகத்தர்கள் தை மாதத்தில் வயல் வரம்பில் வைக்கட்டும். வியாபாரி தராசு தூக்குகிற நேரத்தில் எதைச் சேமிப்பது என்று அங்கேயே சொல்லித் தரலாம்.

இப்படிக்கு,
ஒரு விவசாயக் குடும்பப் பெண்,
தருமபுரம், கிளிநொச்சி.