புரவி தெரிகிறது, வேளார் பெயர் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சிவகங்கை மாவட்டத்தில் அய்யனார் கோயிலுக்கு மண் குதிரைகளைத் தூக்கிச் செல்லும் புரவி எடுப்புப் படம் ஒன்றைப் போன வாரம் போட்டிருந்தீர்கள். நல்ல படம். ஊர்ப் பெயர், கோயில் பெயர், வந்திருந்த பிரமுகர்கள் பெயர் எல்லாம் கீழே இருந்தன. மண்ணைப் பிசைந்து அந்தப் புரவியைச் செய்த குயவர், அதாவது வேளார், அவர் பெயர் மட்டும் இல்லை.

என் அப்பாவும் வேளார்தான். புரவி செய்யச் சொல்லி ஊரார் ஒரு பிடி மண், அதாவது பிடிமண், கொடுத்துவிட்டால் அப்புறம் வீட்டில் வேறு பேச்சே இருக்காது. கண்மாய் மண்ணோடு மணலும் உமியும் சேர்த்து மிதிப்பது அம்மாவும் நானும். அப்பா நாலு காலையும் குழாய் மாதிரி எழுப்பி, கொஞ்சம் இறுகவிட்டு, அதன்மேல் வயிறு, நெஞ்சு, கடைசியில் தலை என்று ஏற்றுவார். ஈரம் கூடினால் கால் உட்கார்ந்துவிடும், ரொம்பக் காய்ந்தால் மேல்மண் ஒட்டாது. நகத்தால் அழுத்திப் பார்த்து "இப்ப வை" என்பார். வயிற்றில் துளை விட மறந்தால் சூளையில் வெடித்துவிடும். இதையெல்லாம் அவருக்கு யாரும் உட்காரவைத்துச் சொல்லித்தரவில்லை. தாத்தா பேசவே மாட்டாராம். தப்பாகச் செய்தால் பிசைந்து திரும்பக் கையில் கொடுப்பாராம்.

2022-இல் கைவினைஞர் உதவித்தொகைக்கு எழுதிப்போட்டோம். 'எங்கே பயின்றீர்கள்' என்ற கட்டத்தில் அப்பா கோடு போட்டார். சரி, பத்திரிகைச் செய்தியாவது கொண்டுவாருங்கள் என்றார்கள். அம்மாவின் டிரங்குப் பெட்டி நிறையப் பத்திரிகைத் துண்டுகள் இருந்தன. எல்லாம் அப்பா செய்த புரவிகள். ஒன்றில்கூட அவர் பெயர் இல்லை. மனு திரும்பிவிட்டது.

புதுக்கோட்டை மாவட்டம் குளமங்கலம் அய்யனார் கோயிலில் மாசி மகத்துக்குக் காகிதமாலை சாத்துகிறார்களே, அந்த 33 அடிக் குதிரைச் சிலை காலங்காலமாக நிற்கிறது. எங்கள் மண் புரவிக்கு அந்த ஆயுசு கிடையாது. வெயிலிலும் மழையிலும் காது போகும், கால் போகும், அடுத்த எடுப்புக்குப் புதுசு வந்து நிற்கும். அப்பா கழுத்து மணியைக் கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்துவார், அதை வைத்து எங்கள் வீட்டுப் புரவி எது என்று நான் சொல்லிவிடுவேன். நீங்கள் போட்டது அப்பா செய்ததில்லை. அந்த வேளார் வீட்டிலும் படத்தை வெட்டிப் பெட்டியில் வைத்திருப்பார்கள்.

அடுத்த முறை உங்கள் நிருபர் புரவிக்குக் கண் எழுதி, கண் திறக்கும் நேரத்துக்குப் போகட்டும். கண் திறப்பது வேளார்தான், ஊரே அவரைச் சுற்றி நிற்கும். தேடி அலைய வேண்டியதில்லை, பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டு வந்தால் போதும்.

- ஒரு வேளார் மகள், மதுரை