ராப் எழுதுகிறவனும் பாடலாசிரியன்தான்

தமிழ்த் திரை இசையமைப்பாளர்களுக்கும் இசை நிறுவனங்களை நடத்துகிறவர்களுக்கும்,

வணக்கம். நாயகன் அறிமுகமாகும் பாட்டு என்றால் அதில் ராப் ஒரு துண்டாவது இருந்தாக வேண்டும் என்றாகிவிட்டது. அதில் எனக்குப் புகார் இல்லை. அந்தத் துண்டை எழுதியவன் யார், அவனுக்கு என்ன கொடுத்தீர்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

வியாசர்பாடியில் எனக்குத் தெரிந்த இளைஞன் ஒருவன் இருக்கிறான். பெயர் வேண்டாம், உங்களிடம் இன்னும் வேலை எதிர்பார்க்கிறவன். ஆரம்பத்தில் அவன் எழுதியவை, உள்ளதைச் சொன்னால், சகிக்காது. அவன் கண்ணால் பார்த்திராத துப்பாக்கி, கழுத்தில் போட்டிராத தங்கச் சங்கிலி. கானா பாடும் அவன் பெரியப்பா, சாவு வீட்டில்கூட நாங்கள் செத்தவரைப் பற்றித்தான் பாடுகிறோம், நீ யாரைப் பற்றிப் பாடுகிறாய் என்று கேட்டாராம். அதற்குப் பிறகுதான் தண்ணீர் லாரியும் ஷேர் ஆட்டோவும் அவன் வரிகளுக்குள் வந்தன. இணையத்தில் இலவசமாகக் கிடைத்த பீட் என்ற தாளப் பின்னணி, ஜன்னலுக்குப் போர்வை கட்டிய நண்பனின் அறை, இரவல் மைக். அப்படிப் பதிவான ஒரு பாட்டு ரீல்ஸில் பரவியதும் இசைக்கூடம் ஒன்றிலிருந்து அழைப்பு வந்தது.

முன்னிரவில் பீட்டை அனுப்பி, விடிவதற்குள் பதினாறு வரி கேட்டார்கள். எழுதினான், மறுநாளே பாடியும் கொடுத்தான். பாட்டு வெளியானபோது பாடலாசிரியர் என்று மூத்த கவிஞர் ஒருவரின் பெயர் மட்டும் இருந்தது. அவர் எழுதியது பல்லவியும் ஒரு சரணமும். இவன் பெயர் பாடகர்களின் வரிசையில் கடைசியில், 'ராப்' என்ற அடைமொழியோடு. ஒரே தவணையில் ஒரு தொகை. கையெழுத்து வாங்கிய தாளோ முழுக்க ஆங்கிலம்.

இதை வஞ்சகம் என்று நான் சொல்லவில்லை, பாதி பழக்கம். எழுதுகிறவர் ஒருவர், பாடுகிறவர் இன்னொருவர் என்று பிரித்தே திரையிசை வளர்ந்தது. உங்கள் ஒப்பந்தப் படிவமும் அப்படித்தான் இருக்கிறது. ராப்பில் அந்தப் பிரிவினை இல்லை. 2006-இல் மலேசியாவிலிருந்து யோகி பி குழுவினர் 'வல்லவன்' என்ற தமிழ் ராப் பாடல் தொகுப்போடு வந்தபோதும் சரி, 2018-இல் கானாவும் ராப்பும் கலந்து கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் என்ற சென்னை இசைக்குழு மேடையேறியபோதும் சரி, ராப் வரிகளில் சொல்லும் குரலும் பெரும்பாலும் ஒருவருடையவையாகவே வந்தன. படிவத்துக்காக அவனைப் பாடகன் என்று மட்டும் குறித்தால், எழுதியவன் காணாமல் போகிறான்.

பேர்பெற்றவர்களுக்கும் இது நடக்கிறது. அரக்கோணத்து ராப் பாடகர் அறிவு தன் பாட்டி வள்ளியம்மாளின் தேயிலைத் தோட்ட வாழ்வை 'எஞ்சாய் எஞ்சாமி'யில் எழுதிப் பாடினார். 2021 மார்ச்சில் வெளியான அந்தப் பாட்டு உலகம் சுற்றியது. அதே ஆண்டு ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா என்ற இசை இதழின் அட்டையில் உடன் பாடிய பாடகி தீயின் படம் இருந்தது, அவர் படம் இல்லை; கண்டனம் எழுந்த பிறகே அவருக்கு இணைய அட்டை ஒன்று வந்தது. அந்தப் பாட்டால் தங்களுக்கு வருமானமே வரவில்லை என்று அதைத் தயாரித்த இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணனே 2024-இல் வெளிப்படையாகச் சொன்னார். பேர்பெற்ற அவர்களுக்கே அந்த நிலை என்றால் வியாசர்பாடிப் பையன் யாரிடம் போய்க் கேட்பான்?

சட்டம் உங்களுக்குத் தெரியாததல்ல. 2012-இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டப்படி, படப் பாடல் திரையரங்குக்கு வெளியே பயன்படும்போது கிடைக்கும் ராயல்டியில் எழுதியவருக்குச் சமபங்கு உண்டு. வாரிசுக்கோ, பதிப்புரிமைச் சங்கத்துக்கோ அன்றி வேறு எவருக்கும் அவர் அதை எழுதிக் கொடுக்கவே முடியாது, கொடுத்தாலும் செல்லாது. உரிமை மாற்றத்தில் கால அளவு குறிப்பிடாவிட்டால் ஐந்தாண்டுதான் கணக்கு. ஆனால் பாடலாசிரியர் என்று பெயரே வராதவன், ராயல்டியை வசூலித்துப் பிரித்துத் தரும் ஐபிஆர்எஸ் என்ற பதிப்புரிமைச் சங்கத்தில் எதைக் காட்டி அந்தப் பங்கைக் கேட்பது?

ராப் பகுதியை எழுதியவனைப் பாடலாசிரியர்களோடு சேர்த்துக் குறிப்பிடுங்கள், பதினாறு வரியானாலும் எட்டு வரியானாலும். மூத்த கவிஞர்கள் கோபித்துக்கொள்வார்கள் என்று சொல்லாதீர்கள். ராயல்டிக்காகக் குரல் கொடுத்த பாடலாசிரியர்களுக்கு இது புரியாதா? ஒப்பந்தத்தைத் தமிழிலும் தாருங்கள். வக்கீலிடம் காட்ட ஒரு வாரமாவது விடுங்கள். விடிவதற்குள் வரிகள் வேண்டுமானால் வாங்கிக்கொள்ளுங்கள், அவன் தந்துவிடுவான். கையெழுத்தை மட்டும் அதே இரவில் கேட்காதீர்கள்.

இப்படிக்கு,
தமிழ் ராப்பை விடாமல் கேட்டுவரும் ஒருவன்